ஏழொன்பது அறுபத்தைந்து

உப்பளத்துக்கும் நெடுஞ்சாலைக்கும் நடுவில், தூத்துக்குடியை விட்டு விலகியும் விலகாமலும் கிடந்த வெள்ளைமேட்டுக் காலனியில் தொண்ணூற்றாறு வீடுகளும் ஒரு மேல்நிலைத் தொட்டியும் இருந்த காலத்தில், அந்தத் தொட்டிக்குள் தண்ணீரைத் தவிர புறா, பந்து, யாரோ தொலைத்த செருப்பு என்று மற்ற எல்லாம் இருந்த காலத்தில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்கள் ரொம்ப நீளமாக இருக்கின்றன என்ற ஒரே காரணத்துக்காக டெல்பின் பர்னாந்து அங்கே வந்து சேர்ந்தாள்.

அவளுக்கு முப்பத்தாறு வயது. துறைமுகத்துப் பக்கம் ஒரு கப்பல் ஏஜென்சி அலுவலகத்தில் வேலை. காகிதத்தில் எழுதியிருக்கிற மூட்டையும் கப்பலில் ஏறிய மூட்டையும் ஒன்றுதானா என்று ஒத்துப் பார்க்க வேண்டும். பதின்மூன்று வருஷத்தில் ஒரு மூட்டைகூட அவள் கண்ணுக்குத் தப்பியதில்லை. தோழமைக் கரம் என்ற அமைப்பு, வசதியில்லாத பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பெரியவரைத் துணையாகச் சேர்த்துவைக்கிறது என்று கேள்விப்பட்டு, படிவம் வாங்கினாள். 'நீங்கள் ஏன் சேர விரும்புகிறீர்கள்?' என்ற கேள்விக்கு மற்றவர்கள் எல்லாம் சமுதாயம், கடமை, எதிர்காலம் என்று அரைப்பக்கம் எழுத, அவள் மட்டும் 'ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போகவே மாட்டேன் என்கிறது' என்று ஒரு வரி எழுதினாள். அமைப்பின் ஒருங்கிணைப்பாளர் பிரவீணா அதைப் படித்துச் சிரித்துவிட்டு, அவளைத்தான் முதலில் சேர்த்துக்கொண்டாள்.

ஒரு பெரியவர், ஒரு பிள்ளை, ஒரு வருஷம், ஞாயிறுதோறும் மூன்று மணி முதல் ஐந்து மணி வரை. இதுதான் ஏற்பாடு. டெல்பினுக்குக் கிடைத்த பிள்ளை சந்தனமாரி, ஐந்தாம் வகுப்பு, பத்து வயது. அம்மா இசக்கியம்மாள் உப்பளத்தில் உப்பு வாருகிறவள். அப்பா லாரியோடு போனவர், லாரி மட்டும் திரும்பி வந்தது. சந்தனமாரிக்குத் தமிழ் வரும், நீச்சல் வரும், வாயில் விரல் வைக்காமல் விசில் வரும், கணக்கு மட்டும் வராது. வராது என்பதை அவள் ஒத்துக்கொள்ளவும் மாட்டாள்.

மூன்றாவது ஞாயிறு அந்தக் காரியம் நடந்தது. தொட்டியின் நிழலில் செய்தித்தாளை விரித்து, டெல்பின் பிஸ்கட்டுகளை வரிசைக்கு நாலாக ஆறு வரிசை அடுக்கினாள்.

"ஆறு நாலு எவ்வளவு?"

"இருபத்தஞ்சு," என்றாள் சந்தனமாரி, கொஞ்சமும் தயங்காமல்.

"நல்லா எண்ணிப் பாரு."

சந்தனமாரி விரல் வைத்து எண்ணினாள். இருபத்தைந்து வந்தது. டெல்பின் எண்ணினாள். இருபத்தைந்து. கடைசி வரிசையின் ஓரத்தில் ஐந்தாவதாக ஒரு பிஸ்கட், மற்ற பிஸ்கட்டுகளைப் போலவே பன்னிரண்டு துளைகளோடும் லேசாக உடைந்த ஒரு மூலையோடும், அங்கேயே பிறந்து வளர்ந்தது மாதிரி உட்கார்ந்திருந்தது. அடுக்கியதில் தப்பு என்று டெல்பின் நினைத்தாள், பதின்மூன்று வருஷத்தில் முதல் தடவையாக. சந்தனமாரி அந்த இருபத்தைந்தாவது பிஸ்கட்டை எடுத்துத் தின்றுவிட்டு, "உப்பு கொஞ்சம் கூட," என்றாள்.

அடுத்த வாரம் ஆடுகள். தொட்டிக்குப் பின்னால் மூன்று கழுநீர்த் தொட்டிகளில் ஏழேழாக வாய் வைத்துக்கொண்டிருந்த ஆடுகளைப் பார்த்து, "மூவேழு இருபத்திரெண்டு" என்று அவள் சொல்லி வாய் மூடும்போது, காது பழுப்பாக ஒரு வெள்ளாடு நடுவில் தலையை நுழைத்துக் குடித்துக்கொண்டிருந்தது. பக்கத்து ஆடு அதை முட்டித் தள்ளியது. புதிதாக வந்ததை அந்த ஆடு மட்டும்தான் ஆட்சேபித்தது.

காலனி ஆச்சரியப்படவில்லை. ஆச்சரியப்பட அதற்கு நேரம் இல்லை; ஆடு யாருக்குச் சொந்தம் என்ற வழக்கே மூன்று நாள் ஓடியது. மந்தை என்னுடையது, அதனால் ஆடும் என்னுடையது என்றார் ஆட்டுக்காரர். கணக்கு எங்கள் பிள்ளையுடையது என்றாள் இசக்கியம்மாள். டீக்கடை வைத்திருந்தவரும் காலனிச் சங்கத் தலைவருமான பேச்சிமுத்து இரண்டு பக்கமும் கேட்டு, ஆடு மந்தையில் நிற்கட்டும், செவ்வாய்க்கிழமைப் பால் மட்டும் சந்தனமாரி வீட்டுக்குப் போகட்டும் என்று தீர்ப்புச் சொன்னார். அதற்குப் பிறகு விஷயம் குடத்துக்கு வந்தது.

அந்தக் காலனிக்குத் தண்ணீர் லாரி இரண்டு நாளைக்கு ஒருமுறை வரும். வீட்டுக்கு நாலு குடம், அதற்கு மேல் கேட்டால் டிரைவர் பாட்டைச் சத்தமாக வைத்துவிடுவார். லாரி போன பிறகு, தண்ணீர் பிடித்த குடங்களில் சிலதை வரிசைக்கு ஒன்பதாக ஏழு வரிசை வைத்து, பேச்சிமுத்து தானே போய்ச் சந்தனமாரியைக் கூட்டிக்கொண்டு வந்து, குழைந்த குரலில், "ஏட்டி, ஏழொன்பது எவ்வளவு சொல்லு பார்ப்போம்?" என்று கேட்டார்.

"அறுபத்தஞ்சு, மாமா."

இரண்டு குடம் கூடுதலாக நின்றது, விளிம்பு வரை தண்ணீரோடு. ஒன்று பச்சை பிளாஸ்டிக், ஒன்று எவர்சில்வர். எவர்சில்வர் குடத்தின் கழுத்தில் யாருக்கும் தெரியாத ஒரு பெயர்கூடப் பொறித்திருந்தது.

பிறகு காலனி மெல்ல மெல்ல இந்தக் காரியத்தின் பழக்கவழக்கங்களைக் கற்றுக்கொண்டது, புது மருமகளின் பழக்கவழக்கங்களைக் கற்றுக்கொள்வது மாதிரி. அவள் கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டும். மனசாரச் சொல்ல வேண்டும். தெரிந்தே சொல்கிற தப்பு ஒரு கடுகைக்கூடப் பெருக்காது; பேச்சிமுத்துவே ஒருநாள் தன் கடை வடைகளைப் பார்த்து, "நாலஞ்சு நாப்பது, நாலஞ்சு நாப்பது" என்று பத்து தடவை சொல்லிப் பார்த்தும் வடை இருபதாகவே ஆறிப்போனது. ரூபாய் நோட்டை அவள் முன்னால் அடுக்காதவர் யாரும் இல்லை. ஆனால் நாலு வயசிலிருந்து கடைக்குப் போய்வருகிறவள் என்பதால், ரூபாய் என்றால் மட்டும் அவளுக்குக் கணக்கு சுத்தமாக வந்தது. ஆறாம் வாய்ப்பாட்டில் ஒன்று கூடும். ஏழாம் வாய்ப்பாட்டில் ஒன்றோ இரண்டோ கூடும். எட்டாம் வாய்ப்பாடு பக்கம் போகக் கூடாது. அது குறையும்.

குறையும் என்பது ஒரு கல்யாணத்தில் தெரிந்தது. பந்தலில் வரிசைக்கு எட்டாக ஒன்பது வரிசை நாற்காலியைப் பார்த்து, யாரும் கேட்காமலே, ஆசையாக, "எட்டொன்பது எழுபது" என்று அவள் சொல்ல, இரண்டு நாற்காலி இல்லாமல் போனது. அதில் ஒன்றில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் தாய்மாமன் கையில் பாயசத்தோடு தரையில் உட்கார்ந்தார். அவர் எழுந்து, வேட்டியைத் தட்டி, நாற்காலி போட்டவனைத்தான் திட்டினார். வேறு யாரைத் திட்டுவது என்று அவருக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து சங்கத்தில் ஒரு தீர்மானம் எழுதினார்கள்: காலனிக்குள் எதையும் எட்டெட்டாக அடுக்கக் கூடாது.

இன்னொரு தீர்மானத்தை எழுதவில்லை. எல்லாரும் வாயால் மட்டும் ஒத்துக்கொண்டார்கள். பிள்ளையிடம் யாரும் சொல்லக் கூடாது. தப்பு என்று தெரிந்துவிட்டால் தப்பு செய்ய மாட்டாள், தப்பு செய்யாவிட்டால் தண்ணீர் இல்லை.

சொல்லாமல் இருப்பது சுலபமாகவும் இருந்தது. ஏனென்றால் சந்தனமாரி ஒவ்வொரு தடவையும் எண்ணிப் பார்த்தாள், ஒவ்வொரு தடவையும் அவள் சொன்னதுதான் வந்தது. பள்ளிக்கூடத்தில் டீச்சர் சிவப்பு மையில் அடித்துக் கொடுத்த நோட்டை எடுத்துவந்து, பக்கத்தில் புள்ளி வைத்து எண்ணி, அது அறுபத்தைந்தாகவே நிற்பதைப் பார்த்து, "டீச்சருக்கு எண்ணத் தெரியலை, பாவம்," என்று அம்மாவிடம் சொன்னாள். அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டு, "எல்லாருக்கும் எல்லாம் தெரியுமா?" என்றாள்.

டெல்பின் மட்டும்தான் ஞாயிறுதோறும் வந்து, "தப்பு" என்று சொன்னாள். அதனால் சந்தனமாரிக்கு அவள்மேல் ஒரு தனி இரக்கம் ஏற்பட்டது.

"அக்கா, உங்களுக்குச் சின்ன வயசுல யாருமே கணக்கு சொல்லிக் குடுக்கலையா?"

"குடுத்தாங்க."

"யாரு?"

"சிஸ்டர் ஒருத்தங்க. ஸ்கேலால அடிப்பாங்க."

"அடிச்சா எப்படி வரும்?" என்றாள் சந்தனமாரி, பெரிய மனுஷி மாதிரி. "நான் அடிக்காம சொல்லித் தாரேன். ஏழொன்பது?"

"அறுபத்திமூணு."

"பாத்தீங்களா!" என்று தலையில் கைவைத்துக்கொண்டாள்.

டெல்பின் யோசித்தாள். எண்ணிக் காட்டி இந்தப் பிள்ளையைத் திருத்த முடியாது; உலகம் அவள் பக்கம் இருக்கிறது. அதனால் கப்பல்காரர்களோடு பேசிப் பழகிய வாயால் ஒரு பேரம் பேசினாள். நீ ஆறாம் வாய்ப்பாட்டை நான் சொல்கிற மாதிரி ஒத்துக்கொள், நான் ஏழாம் வாய்ப்பாட்டை நீ சொல்கிற மாதிரி மனப்பாடம் பண்ணுகிறேன். சந்தனமாரி, இந்த அக்கா பிழைக்கட்டும் என்று மனமிரங்கிச் சம்மதித்தாள். இரண்டு ஞாயிறு அவள் ஆறாம் வாய்ப்பாட்டைச் சரியாகச் சொல்லிச் சொல்லி, சொன்னதை நம்பவும் நம்பினாள். டெல்பின், "ஏழொன்பது அறுபத்தைந்து" என்று சொல்லிச் சொல்லி, திங்கட்கிழமை அலுவலகத்தில் அறுபத்துமூன்று மூட்டைக்கு அறுபத்தைந்து என்று தட்டச்சு செய்துவிட்டு, மேனேஜர் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்த பார்வையைப் பொறுத்துக்கொண்டாள்.

'ஆறாம் வாய்ப்பாடு போச்சு' என்ற செய்தி, யாருடைய தோணியோ கவிழ்ந்த செய்தி மாதிரி காலனிக்குள் பரவியது. அடுத்த ஞாயிறு டெல்பினின் ஸ்கூட்டரில் இரண்டு சக்கரத்திலும் காற்று இல்லை. அதற்கடுத்த ஞாயிறு, அவள் காலனி முனையில் நுழைந்ததும் அஞ்சு வீட்டில் அஞ்சு டீ கொடுத்து, ஒவ்வொரு டீயையும் ஊதி ஊதி ஆற்றி, நாலரை மணி ஆக்கினார்கள். அதற்கடுத்த வாரம் சந்தனமாரி உறவுக்காரர் வீட்டுக் காதுகுத்துக்குப் போயிருக்கிறாள் என்றார்கள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே சந்தனமாரி அவர்கள் பின்னால் சைக்கிள் டயர் உருட்டிக்கொண்டு போனாள். யாரும் மரியாதைக் குறைவாக நடக்கவில்லை. காற்றை இறக்கியவர்களே பம்பும் கொண்டுவந்து அடித்துக் கொடுத்தார்கள்.

கடைசியில் பேச்சிமுத்துவே வந்தார். இரண்டு பக்கமும் அவர் பிள்ளைகள் இரண்டு பேர்: மூத்தவன் சண்முகராஜ், இளையவள் செண்பகம், அஞ்சு வயசு, எதைப் பார்த்தாலும் தனக்கும் ஒன்று வேண்டும் என்பவள்.

"மிஸ், தமிழ் சொல்லிக் குடுங்க. பூகோளம் சொல்லிக் குடுங்க. ஆகாசத்துல எத்தனை நட்சத்திரம்னு கூட..." என்று ஆரம்பித்து, அதிலுள்ள ஆபத்தை உணர்ந்து நிறுத்தினார். "கணக்கு மட்டும் வேண்டாம். உங்களுக்கு வீட்டுல குழாயைத் திறந்தா தண்ணி. எங்களுக்கு அந்தப் பிள்ளை வாயைத் திறந்தா தண்ணி."

"அவ பரீட்சையில பெயிலாகுறாளே, அண்ணாச்சி."

"நாங்க எல்லாரும் பெயில்தான், மிஸ். உயிரோட இல்லையா?"

டெல்பின் இசக்கியம்மாளைப் பார்த்தாள். இசக்கியம்மாள் உப்பில் வெடித்த உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். "அவ அப்பா போன பொறவு எங்க வீட்டு வாசல்ல யாரும் நின்னு பேசினதில்ல மிஸ். இப்ப காலையில கதவைத் திறந்தா ஆள் நிக்கி. என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுதாவ. அவ சரியாச் சொல்ல ஆரம்பிச்சா நிப்பாவளா?"

அன்று டெல்பின் வீட்டுக்குக் கொண்டுபோன தூக்குவாளியில் நண்டுக் குழம்பு இருந்தது. சந்தனமாரி முன்னால் வரிசைக்கு ஏழாக இரண்டு வரிசை அடுக்கி, பதினாலாக இருந்து பதினைந்தான நண்டு. அந்தப் பதினைந்தாவதை அவளுக்கென்று குழம்பு வைத்துக் கொடுத்திருந்தார்கள். அவள் மறுக்கவில்லை. வீட்டில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாள். ரொம்ப ருசியாக இருந்தது என்பதுதான் அவளுக்கு வருத்தமாக இருந்தது.

அப்படியே ஏழாம் வாய்ப்பாட்டை யாரும் தொடாமல் ஆறு மாதம் போனது. டெல்பின் தமிழ் சொல்லிக் கொடுத்தாள், பூகோளம் சொல்லிக் கொடுத்தாள், விசிலடிக்கக் கற்றுக்கொண்டாள். வருஷம் முடிகிற ஞாயிறு வந்தது.

அன்று ஆண்டறிக்கைக்குப் படம் எடுக்க பிரவீணா கேமராவோடு வந்தாள். காலனிப் பிள்ளைகளைத் தொட்டிக்கு முன்னால் நிறுத்த வேண்டும். சங்கத்தின் தீர்மானம் பற்றி அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. டெல்பினும், தண்ணீர் லாரி வந்த சத்தத்தில் பெரியவர்கள் எல்லாம் குடத்தோடு ஓடிய பரபரப்பில், கை போன போக்கில் பிள்ளைகளை வரிசைக்கு எட்டு பேராக நாலு வரிசை நிறுத்திவிட்டாள். சந்தனமாரி மட்டும் வரிசையில் சேராமல் அவள் பக்கத்தில், வழிகாட்டியோடு நிற்கிற பிள்ளை என்ற பெருமையோடு நின்றாள். ஐஸ் வண்டி ஒன்று மணியடித்துக்கொண்டு வந்தது.

பிரவீணா கேமராவுக்குப் பின்னாலிருந்து பிள்ளைகளைச் சிரிக்கவைக்க, "எட்டெட்டா நாலு வரிசை! மொத்தம் எத்தனை பேரு? யாரு சொல்றீங்க?" என்றாள்.

லாரிப் பக்கத்திலிருந்து நாலைந்து குரல்கள் ஒரே நேரத்தில், "வேண்டாம்!" என்றன. அதற்குள் சந்தனமாரி சொல்லிவிட்டாள்.

"எட்டுநாலு முப்பத்தொண்ணு."

கேமரா சொடுக்கியது. குடங்களைப் போட்டுவிட்டு ஓடிவந்தவர்கள் பிள்ளைகளை எண்ணினார்கள். முப்பத்தொன்று. ஒவ்வொரு தாயும் தன் பிள்ளையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். எல்லார் பிள்ளையும் இருந்தது. யாரும் குறையவில்லை. அப்பாடா என்று சிரித்தார்கள், எட்டாம் வாய்ப்பாடும் ஒருவழியாக நமக்கு ஒத்துவந்துவிட்டது என்று ஒருவர் சொன்னார்.

செண்பகம் இரண்டாவது வரிசையின் ஓரத்தில் நின்றிருந்தாள். அவள் இல்லாமல் போனதோடு, அவள் இருந்த ஞாபகமும் இல்லாமல் போயிருந்தது.

ஐஸ் வண்டிப் பக்கத்தில் பேச்சிமுத்து நின்றார். வலது கையில் ஒரு சேமியா ஐஸ், இடது கையில் ஒரு சேமியா ஐஸ். வலது கையிலிருந்ததை மகன் சண்முகராஜிடம் கொடுத்தார். இடது கையிலிருந்ததைப் பார்த்தார். எதற்காக இரண்டு வாங்கினோம் என்று அவருக்குத் தெரியவில்லை. தனக்கு ஐஸ் பிடிக்காது. "நீயே இதையும் தின்னு," என்று மகனிடம் நீட்டினார். நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். கீழே போடப் போனார்; போட முடியவில்லை. ஐஸ் உருகி முழங்கை வரை வழிந்தது. அவர் அதைப் பிடித்துக்கொண்டே நின்றார், கண்ணிலிருந்து தண்ணீர் ஏன் வருகிறது என்று பக்கத்திலிருந்தவரிடம் கேட்டுக்கொண்டு.

டெல்பினுக்கும் ஞாபகம் இல்லை. ஆனால் இரண்டாவது வரிசையில் ஏழு பேர் நின்றார்கள். எட்டெட்டாக நிறுத்தியது அவள் கை. காகிதத்தில் முப்பத்திரண்டு, கப்பலில் முப்பத்தொன்று என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். பேச்சிமுத்துவின் கையைப் பார்த்தாள்.

"மாரி, எட்டுநாலு முப்பத்திரெண்டு. சொல்லு."

"இல்லக்கா. எண்ணிப் பாருங்க. எட்டாம் வாய்ப்பாட்டுல ஒரு வரிசை எப்பவும் குறைச்சலாத்தான் இருக்கும்."

"எண்ண வேண்டாம். கண்ணை மூடு. எட்டும் எட்டும்?"

"பதினாறு."

"பதினாறும் பதினாறும்?"

"முப்பத்திரெண்டு." கண்ணைத் திறந்தாள். "ஆனா எண்ணினா வரலையே!"

"மாரி," என்றாள் டெல்பின். முட்டிபோட்டு உட்கார்ந்து, பிள்ளையின் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டாள். "நீ சொன்னா அது வருது. நீ தப்பாச் சொன்னா தப்பா வருது. பிஸ்கட்டு, ஆடு, குடம், எல்லாம் அப்படி வந்ததுதான். டீச்சர் போட்ட சிவப்பு மை சரி. நான் சொன்னது சரி. இப்ப ஒரு பிள்ளை இல்ல. யாருன்னு எனக்குத் தெரியல. நீ சொன்னாத்தான் வரும்."

சந்தனமாரி சுற்றி நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். ஆட்டுக்காரர் ஆட்டைப் பார்த்தார். டீ கொடுத்த அஞ்சு வீட்டுப் பெண்களும் சேலைத் தலைப்பைப் பார்த்தார்கள்.

"எல்லாருக்கும் தெரியுமா?"

சந்தனமாரி அம்மா பக்கம் திரும்பினாள்.

"அம்மா, உனக்கும் தெரியுமா?"

இசக்கியம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். சந்தனமாரி அம்மாவின் உச்சியை, நடுவகிட்டில் படிந்த உப்புத் தூசியை, பார்த்துக்கொண்டே நின்றாள். ஊரில் எல்லாரையும்விடத் தனக்குத்தான் கணக்கு வரும் என்று ஒரு வருஷமாக நெஞ்சை நிமிர்த்தி நடந்த பிள்ளை, அந்த நிமிஷத்தில் எத்தனை சின்னவளாக ஆனாள் என்பதை டெல்பின் தன் இரண்டு கைகளில் உணர்ந்தாள்.

"இனிமே தண்ணி வராதுல்ல?" என்று கேட்டாள்.

"வராது," என்றாள் டெல்பின்.

சந்தனமாரி பேச்சிமுத்துவின் கையில் வழியும் ஐஸைப் பார்த்தாள். அது யாருக்கு என்று அவளுக்கும் தெரியாது. ஆனால் ஒருத்தரும் இல்லாததற்காக ஒரு ஆள் இப்படி அழ மாட்டார் என்று தெரிந்தது. மூக்கை உறிஞ்சினாள். வரிசைகளை நேராகப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாக, கசப்பு மருந்தை விழுங்குகிற மாதிரி சொன்னாள்.

"எட்டுநாலு முப்பத்திரெண்டு."

செண்பகம் இரண்டாவது வரிசையின் ஓரத்தில் நின்றாள். "எனக்கு ஐஸு?" என்றாள்.

பேச்சிமுத்து ஓடின ஓட்டத்தில் அவருடைய செருப்பு ஒன்று அங்கேயே நின்றது. பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு அவர் கத்திய கத்தலில் தொட்டிக்குள்ளிருந்த புறாவெல்லாம் பறந்துபோனது. எங்கேட்டி போன, எங்கேட்டி போன என்று கேட்டதற்கு, செண்பகம் குச்சியில் மிச்சமிருந்த ஐஸை நக்கிக்கொண்டே, தான் எங்கேயும் போகவில்லை, எல்லாரும்தான் கொஞ்ச நேரம் காணாமல் போயிருந்தார்கள் என்றாள்.

அதற்குப் பிறகு சந்தனமாரி ஆறு நாள் யாரோடும் பேசவில்லை. காலனியில் ஒருத்தர் வீட்டிலும் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அவளைச் சமாதானப்படுத்த ஒவ்வொருவராக வந்து வாசலில் நின்றார்கள். தண்ணீருக்காக வந்து நின்றவர்களைவிடக் கூட்டம் அதிகம். கதவைத் திறந்த இசக்கியம்மாள் முதலில் நம்பவில்லை. பேச்சிமுத்து தினமும் காலையில் வந்து, மூடிய கதவைப் பார்த்து, "ஏட்டி, மாமனைச் செருப்பால அடிச்சுட்டாவது பேசு," என்று சொல்லிவிட்டுப் போனார்.

டெல்பினின் ஒரு வருஷம் முடிந்திருந்தது. படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டால் அவள் போகலாம். அடுத்த ஞாயிறு மூன்று மணிக்கு வந்தாள். சந்தனமாரி கதவைக் கால்வாசி திறந்தாள்.

"நீங்களும் அந்த நண்டைத் தின்னீங்கள்ல?"

"தின்னேன்."

"தப்பான நண்டுன்னு தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான்."

"எப்படி இருந்துச்சு?"

டெல்பின் பொய் சொல்ல நினைத்தாள். முடியவில்லை. "ரொம்ப நல்லா இருந்துச்சு," என்றாள்.

சந்தனமாரி கதவை முழுசாகத் திறந்தாள். "ஏழுல ஆரம்பிங்க," என்றாள் கோபமாக.

அந்தக் கோபத்தில் ஏழு, எட்டு, ஒன்பது, பன்னிரண்டு என்று மூன்று வாரத்தில் எல்லா வாய்ப்பாட்டையும் விழுங்கினாள். பதினாறாம் வாய்ப்பாடு வரை போனாள். அதற்குமேல் டெல்பினுக்கே தடுமாறியது. பள்ளிக்கூடத்து டீச்சர் சரி போடப் பச்சை மை வாங்கினார்.

வந்த ஆடு வந்ததாகவே இருந்தது, எவர்சில்வர் குடமும் இருந்தது. புதிதாக ஒன்றும் வரவில்லை. வெயில் ஏறியது. இரண்டு நாளைக்கு நாலு குடத்தில் காலனி திண்டாடியது. பிள்ளை வாயைத் திறந்தால் தண்ணீர் என்று இருந்த காலத்தில் யாரும் எந்த அலுவலகத்துக்கும் போய்க் கேட்டதில்லை. இப்போது கேட்டே ஆக வேண்டும். பேச்சிமுத்து மனு எழுதினார். எழுதியதை ஒத்துப் பார்க்க டெல்பினைக் கூப்பிட்டார். பேசுவதற்குச் சந்தனமாரியைக் கூப்பிட்டார். நாலு வீட்டுப் பெண்கள் காலிக் குடத்தோடு பின்னால் வந்தார்கள்.

தண்ணீர் விடுகிற அதிகாரி கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, மனுவைப் படிக்காமல், "மொத்தம் எத்தனை குடம் வேணும்? சும்மா நிறைய நிறையன்னு சொல்லக் கூடாது, நம்பர் சொல்லுங்க," என்றார்.

பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். சந்தனமாரி ஓரடி முன்னால் வந்தாள்.

"தொண்ணூத்தாறு வீடு சார். வீட்டுக்கு ஒரு நாளைக்கு ஏழு குடம்."

"ஆக?"

சந்தனமாரி கொஞ்சம் மேலே பார்த்தாள். கணக்குப் போடுகிறவள் மாதிரி உதட்டை அசைத்தாள். அதிகாரியின் முகத்தை ஒரு தடவை அளந்து பார்த்தாள். அவருக்கும் கணக்கு வராது, அந்தக் கண்கள் எட்டொன்பதைக் கண்டால் விலகி நடக்கிற கண்கள் என்று, அந்தப் பாதையில் ரொம்ப தூரம் நடந்தவள் ஆனதால், அவளுக்குத் தெரிந்தது.

"எழுநூத்து எழுபத்திரெண்டு சார்."

அதிகாரி தானும் மனதுக்குள் போட்டுப் பார்ப்பவர் மாதிரி கொஞ்சம் மேலே பார்த்தார், உதட்டை அசைத்தார், தலையை ஆட்டினார். "சரியாத்தான் இருக்கு," என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தினார்.

பதினாலு வருஷமாக, அந்த ஒரு திங்கட்கிழமையைத் தவிர, ஒரு மூட்டையையும் தப்பவிடாத டெல்பின், அவர் பின்னாலேயே நின்றிருந்தாள். அறுநூற்று எழுபத்திரண்டுதான் வர வேண்டும்; நூறு குடம் கூடுதல். அவள் வாயைத் திறந்தாள். சந்தனமாரி திரும்பி அவளைப் பார்த்தாள்.

டெல்பின் வாயை மூடிக்கொண்டாள்.